மாறிலியாக்கம்: சொல் விளக்கம்

மூலநிரலில் (நாம் எழுதும் கணினி நிரலில்) இட்ட குறிப்புரைகளை ஒரு மென்பொருள் கருவி படித்து, மாறிலி (நிரல் ஓடும்போது மாறாத மதிப்பு) வரையறைகளைத் தானாக எழுதித் தருவதை மாறிலியாக்கம் எனலாம்.

'கான்ஸ்டன்ட்' என்பதற்குப் பள்ளிக் கணக்குப் பாடமே தந்த சொல் மாறிலி. மாறு + இல் + இ. பெயரிலி, உருவிலி போல அமைந்தது. ஆங்கிலச் சொல்லின் வேர், உறுதியாக நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வினை. சிலர் நிலையெண் என்பார்கள். நிரலாக்கத்துக்கு அது பொருந்தாது, ஏனெனில் மாறிலி எண்ணாகவே இருக்க வேண்டியதில்லை. ஊட்டியின் எஸ்டிடி குறியீடு 0423. இதை சி என்னும் நிரல்மொழியில் வெறும் எண்ணாக எழுதினால், முன்னால் பூஜ்யம் இருப்பதால் கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) எட்டடிமான (எட்டை அடியாகக் கொண்ட) எண்ணாக எடுத்து 275 என்று வைத்துக்கொள்ளும். கொடைக்கானலின் 04542 இப்படியே 2402 ஆகிவிடும். பைத்தான் 3 என்னும் நிரல்மொழி இந்த வடிவத்தை ஏற்காமல் பிழை காட்டும். எனவே இவற்றை எழுத்துச்சரமாகத்தான் (எண்ணாக அல்லாமல், எழுத்துகளின் வரிசையாக) வைக்க வேண்டும்.

'அனோட்டேஷன்' என்பதற்குக் குறிப்புரையே நல்ல சொல். பதவுரை, பொழிப்புரை வரிசையில் நமக்குப் பழகியதுதான். நிரலில் வரும் 'கமென்ட்' மனிதர் படிப்பதற்கு; குறிப்புரையைக் கருவியும் படிக்கும். இந்த வேறுபாடு காக்கப்பட வேண்டும் என்பதால் இரண்டையும் 'குறிப்பு' என்று பொதுவாகச் சொல்வதைத் தவிர்க்கலாம். ஜாவாவில் குறிப்புரை மொழியின் உறுப்பாகவே 2004இல், ஐந்தாம் பதிப்பில் வந்தது.

ஊட்டி முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைவெண். அது நிற்கும் மலைச்சரிவு ஏறத்தாழ 11 பாகை. இடத்தின் அட்சரேகையும் அதுவே. இத்தகைய தொலைநோக்கிக்குச் சி மொழியில் ஒரு நிரலும் பைத்தானில் ஒரு நிரலும் எழுதுகிறோம் என்றால், இதே மதிப்புகள் இரண்டிலும் வேண்டும். தனித்தனியே தட்டச்சு செய்தால் என்றாவது ஒன்று பிசகும். ஆகவே ஒரே மூலக்கோப்பில் மதிப்பை எழுதி, அதன் மேலே பெயர், தரவினம் (முழு எண்ணா, தசமப்புள்ளி உள்ள மெய்யெண்ணா என்பது போன்ற வகை), அலகு மூன்றையும் குறிப்புரையாக இடவேண்டும். கருவி அதைப் படித்து, சி மொழிக்கு ஹெடர் கோப்பையும் (வரையறைகளைத் தாங்கும் கோப்பு) பைத்தானுக்கு ஒரு தொகுதியையும் (மாட்யூல்) எழுதும்.

தரவினம் விடுபட்டால் என்ன ஆகும்? ஒளியின் வேகம் நொடிக்கு 299792458 மீட்டர். அதை அலைவெண் 326500000 ஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் 0.918 மீட்டர். இரண்டும் முழு எண்ணாக இறங்கினால் சி 0 என்று தரும். பைத்தான் 3 சரியாகவே தரும். ஒரே மூலம், இரு விடைகள். மெய்யெண் என்று குறித்திருந்தால் கருவி தசமப்புள்ளியோடு எழுதியிருக்கும். அலகும் அப்படித்தான். இரு மொழிகளிலும் சைன் சார்பு பாகையை அல்ல, கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனையே எதிர்பார்க்கும். 11 பாகையின் சைன் 0.19, பாகையை மாற்றாமல் 11 என்றே கொடுத்தால் கிட்டத்தட்ட −1 வரும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

கருவி எழுதிய கோப்பைக் கையால் திருத்தக் கூடாது. அடுத்த ஓட்டத்தில் திருத்தம் அழிந்துபோகும். 'கருவி எழுதியது, திருத்தாதீர்' என்று முதல் வரியிலேயே அச்சிடச் செய்வது நல்லது.

கோ என்னும் நிரல்மொழியில், ஆக்கும் கருவியை ஓட்டச் சொல்லும் ஆக்கக் கட்டளையை இரண்டு சாய்கோடுகளை அடுத்து இடைவெளியின்றி எழுத வேண்டும். ஓர் இடைவெளி விழுந்தாலும் அது வெறும் கமென்ட் ஆகிவிடும். நிரலைத் தொகுக்கும் (கம்பைல் செய்யும்) 'பில்டு' கட்டளை ஆக்கத்தைத் தானாக ஓட்டாது, தனியாக ஓட்ட வேண்டும். ஜாவாவில் இன்னொரு சிக்கல்: கம்பைலர் மாறிலியின் மதிப்பை, அதைப் பயன்படுத்தும் வகுப்புகளுக்குள்ளேயே ('கிளாஸ்' எனப்படும் நிரல் பகுதிகள்) பதித்துவிடும். மாறிலி இருக்கும் வகுப்பை மட்டும் மறுபடி தொகுத்தால் மற்றவற்றில் பழைய மதிப்பே ஓடும். மாறிலிகளைப் புதிதாக ஆக்கியதும் முழுத் திட்டத்தையும் துடைத்துவிட்டுத் தொகுக்க வேண்டும்.