பகா மதிப்பு: அட்டாமிக் வேல்யூவுக்குத் தமிழ்

தரவுத்தளப் பாடத்தில் வரும் 'அட்டாமிக் வேல்யூ'வை 'அணு மதிப்பு' என்று பெயர்த்தால் பொருள் விளங்காது. அணு என்றதும் மிகச் சிறியது என்றே மனம் போகும். இங்கே பேச்சு அளவைப் பற்றியதே அல்ல.

கிரேக்கத்தில் 'அடோமோஸ்' என்றால் வெட்ட இயலாதது. ஐபிஎம்மில் பணியாற்றிய எட்கர் காட், தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுநிலைத் தரவு மாதிரியை முன்வைத்த 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில், மேலும் பிரிபடாத மதிப்பு என்ற பொருளில் இச்சொல்லை ஆண்டார்.

இதற்கு ஏற்ற வேர் நம்மிடம் உண்டு: 'பகு'. கணக்கில் பகா எண், இலக்கணத்தில் பகாப்பதம். நன்னூல் பகாப்பதத்துக்குச் சொல்லும் முதல் அடையாளம் 'பகுப்பால் பயனற்று' என்பது. பிரித்தால் பயன் இல்லாதது என்கிறதே தவிர, பிரிக்கவே முடியாதது என்று சொல்லவில்லை. தரவுத்தளத்துக்கும் இதுவே அளவுகோல். 15-08-1947 என்பதை நாள், மாதம், ஆண்டு என்று வெட்ட முடியும். அப்படித் தனித்தனியே தேவைப்படாதவரை அது பகா மதிப்பு. எதிர்ச்சொல் பகு மதிப்பு.

நூலகப் பட்டியலில் ஒரு வரி: நூல் எண் 17, விலை 250, துறை 'இசை, நாட்டார் இசை, கோயில்'. துறைப் புலத்தில், அதாவது துறைக்கான கட்டத்தில், இருப்பது பகு மதிப்பு. அந்தப் புலத்துக்குள் 'இசை' என்று தேடினால், நாட்டார் இசை மட்டுமே உள்ள நூல்களும் சேர்ந்து வரும், எண்ணிக்கை தப்பும்.

பிரிக்கும்போது அதே அட்டவணையில் வரிகளைப் பெருக்காதீர்கள். விலையும் 3 முறை ஏறி, கூட்டுத்தொகையில் 750 ஆகிவிடும். நூல் எண், துறை என்ற 2 நெடுவரிசைகளோடு புது அட்டவணை போடுங்கள். இரண்டையும் சேர்த்து முதன்மைச் சாவி (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் அடையாளம்) ஆக்கினால் இரட்டைப் பதிவு நுழையாது. ஆசிரியர் புலத்திலும் பல பெயர்கள் இருந்தால் அதற்கு வேறு அட்டவணை. 2 ஆசிரியர், 3 துறை இரண்டையும் ஒன்றாகப் பிரித்தால் 6 வரிகள் வரும்.

பிரிக்கும் வழி: எக்செலின் பவர் குவெரி கருவியில் 'ஸ்பிளிட் காலம்', 'பை டிலிமிட்டர்', அட்வான்ஸ்டு பகுதியில் 'ரோஸ்'. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில், எழுத்துச் சரத்தை வெட்டிப் பட்டியலாக்கும் ஸ்ட்ரிங்-டு-அரே, அதன்மேல் அந்தப் பட்டியலை வரிகளாக்கும் அன்னெஸ்ட். இங்கே ஒரு பள்ளம் உண்டு: துறை காலியாக உள்ள நூலுக்கு அன்னெஸ்ட் ஒரு வரியும் தராது, சாதாரண இணைப்பில் அந்த நூலே சத்தமில்லாமல் மறைந்துவிடும். லெஃப்ட் ஜாயின் லேட்டரல் என்ற இணைப்பைப் போட்டால், துறை இல்லாவிட்டாலும் நூல் தங்கும்.

பிரிகுறியை, அதாவது துண்டுகளைப் பிரிக்கும் காற்புள்ளி போன்ற குறியை, பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 'சண்முகம், க.' போன்ற பெயர்கள் உள்ள புலத்தைக் காற்புள்ளியில் வெட்டினால் 'க.' தனி ஆசிரியராகிவிடுவார். வெட்டியபின் ஒவ்வொரு துண்டையும் டிரிம் செய்து ஓர இடைவெளிகளை நீக்குங்கள். முன்னால் இடைவெளி ஒட்டிய 'இசை' வேறு, ஒட்டாத 'இசை' வேறு என்றே கணினி எடுத்துக்கொள்ளும்.

சரிபார்க்க: பழைய புலத்தில் உள்ள பிரிகுறிகள், காலியில்லாத புலங்கள் இரண்டின் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். பிரித்தவுடன் கிடைக்கும் துண்டுகள் அதே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். கடைசியில் மிஞ்சிய பிரிகுறியால் வந்த வெற்றுத் துண்டுகளை அதன்பிறகு நீக்குங்கள்.