செனோத்தே: சொல்லும் பொருளும்

மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் எந்த ஊருக்குப் போனாலும் வழிகாட்டிப் பலகையில் ஒரு சொல் நிற்கும்: செனோத்தே. சுண்ணாம்புப் பாறையை நீர் அரித்து அரித்துக் குகையாக்க, அந்தக் குகையின் கூரை இடிந்து விழுந்து, உள்ளே கிடக்கும் நிலத்தடி நீர் வெளியே தெரியும் இடம் அது. சிலவற்றில் கூரை முழுக்கப் போயிருக்கும். சிலவற்றில் ஓர் ஓட்டை வழியாக மட்டும் வெயில் இறங்கும்.

எழுத்து ஸ்பானியம், வேர் மாயா. அந்தத் தீபகற்பத்தின் பழங்குடிகளான மாயர்கள் பேசும் யுகடெக் மாயா மொழியின் 'த்சோனோத்' என்ற சொல்லை ஸ்பானியர் தம் நாவுக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். 'செனோட்' என்பது பிழையான ஒலிப்பு. கடைசி எகரத்தை விழுங்கக் கூடாது.

வட யுகடானில் தரைமேல் ஓடும் ஆறு கிடையாது. பெய்த மழையைப் பாறை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே மாயர்கள் தண்ணீர் தெரிந்த இடத்தில் ஊர் கட்டினார்கள். அவர்களின் பழைய நகரமான சிச்சென் இட்சாவின் பெயரே 'இட்சா மக்களின் கிணற்று வாய்' என்றுதான் பொருள்படும். அங்கே சுமார் 60 மீட்டர் அகலமுள்ள புனித செனோத்தேயிலிருந்து ஜேடு என்ற பச்சைக் கற்களும் பொன்னும் மனித எலும்புகளும் எடுக்கப்பட்டன. 'சாக்' என்ற மழைத் தெய்வத்துக்கான படையல்கள். அங்குள்ள பிரமிடைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள், அந்த ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்பதையே பார்க்காமல் திரும்புகிறார்கள். குடிநீருக்கு ஷ்தோலோக் என்ற வேறொரு செனோத்தே இருந்தது.

தமிழில் என்ன சொல்வது? கிணறும் கேணியும் மனிதர் தோண்டுபவை. 'புதைகுழி' என்றால் சேறும் ஆபத்தும்தான் மனதில் வரும். 'சுனை' நெருங்கி வருகிறது: பாறையில் தானாக ஊறி நிற்பது. ஆனால் அதை மலையோடு சேர்த்தே நாம் நினைக்கிறோம். யுகடானோ தட்டையான நிலம். எனவே 'குகைச்சுனை' என்பேன். 'முழைச்சுனை' இன்னும் பழந்தமிழாக ஒலிக்கும், புரிகிறவர் குறைவு. இடப்பெயர்களை மட்டும் மாற்ற வேண்டாம். வயாடோலிட் நகரின் நடுவில் இருப்பதை 'செனோத்தே சாசி' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

நீந்த இறங்கும் முன் பல குகைச்சுனைகளில் குளித்துவிட்டு வரச் சொல்வார்கள், சன்ஸ்கிரீன் பூசியிருந்தால் கழுவச் சொல்வார்கள். தீபகற்பம் குடிப்பதும் அதே நிலத்தடி நீரைத்தான்.