ரீட்பேக்: ஒப்பித்தலும் ஒப்புக்கேட்டலும்

சொல்: ரீட்பேக். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வானொலியில் தரும் அனுமதியையோ கட்டளையையோ விமானி தன் அழைப்புக்குறியுடன் (வானொலியில் அந்த விமானத்துக்குரிய பெயர்) சேர்த்து அவருக்கே திருப்பிச் சொல்வது. அகராதிகள் இத்தோடு நிறுத்திவிடும். துறைக்குள் இதற்கு மறுபாதி ஒன்று உண்டு. விமானி சொன்னதைக் கட்டுப்பாட்டாளர் காது கொடுத்துக் கேட்டு, தான் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் ஹியர்பேக். இது நடக்காவிட்டால் முன்னது வெறும் சத்தம்தான்.

விமானி எதையும் வாசிப்பதில்லையே, பிறகு ஏன் 'ரீட்'? வழக்கம் தந்திக் காலத்தது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தந்தி நிறுவனங்கள், செய்தியைப் பெற்ற நிலையம் அதை அனுப்பிய நிலையத்துக்கே திருப்பி அனுப்பிச் சரிபார்க்கும் வசதியைக் கட்டணத்தில் பாதியைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு தந்தன. காதில் விழுந்ததை எழுதி, எழுதியதைத் திரும்ப வாசிப்பது அந்த மரபின் தொடர்ச்சி. புறப்படுமுன் வரும் நீண்ட வழித்தட அனுமதியை விமானி இன்றும் தாளில் குறித்துக்கொண்டுதான் சொல்கிறார். தவிர, வானொலிக்காரர்களுக்கு 'ரீட்' என்றால் தெளிவாகக் கேட்பது; ஒலித் தெளிவை 1 முதல் 5 வரை மதிப்பிடுவதும் அந்தச் சொல்லை வைத்துத்தான்.

எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. தரைக்காற்று விவரத்துக்குத் தேவையில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி கட்டாயமானவை: வழித்தட அனுமதி, ஓடுபாதையில் நுழைய, இறங்க, மேலேற, கடக்க, அதன் வெளியே நிற்க வரும் எந்தக் கட்டளையும், பயன்பாட்டிலுள்ள ஓடுபாதை எண், உயரமானியில் பொருத்த வேண்டிய காற்றழுத்தம், டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) எண், உயரம், திசை, வேகம். இவற்றுக்கு 'ரோஜர்' என்று மட்டும் பதில் சொன்னால் அது பதிலே ஆகாது. வானொலியில் ஆங்கில எழுத்துகளைச் சொல்லப் பயன்பட்ட பழைய பட்டியலில் ஆர் என்ற எழுத்தின் பெயர்தான் ரோஜர். 'முழுதும் கிடைத்தது' என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. என்ன கிடைத்தது என்பதை அது சொல்வதில்லை.

பிசகு எங்கே நுழைகிறது? கட்டுப்பாட்டாளர் ஒரே மூச்சில், 'ஃப்ளைட் லெவல் ஒன் ஒன் ஸீரோ, ஹெடிங் டூ ஒன் ஸீரோ, ஸ்பீடு டூ டூ ஸீரோ' என்கிறார்: உயரம், திசை, வேகம். விமானி, 'ஒன் ஒன் ஸீரோ, டூ ஒன் ஸீரோ, டூ டூ ஸீரோ' என்கிறார். எண்கள் மூன்றும் சரி. ஆனால் 210-ஐத் திசைக்கு வைத்தாரா, வேகத்துக்கு வைத்தாரா? பெயர்ச்சொல்லை விழுங்கிவிட்டதால் கட்டுப்பாட்டாளரால் சொல்ல முடியாது. அவசரக்கார விமானிகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் இந்தச் சுருக்கம் என் பார்வையில் சோம்பல்தான். நிமிடத்துக்கு 100 சொல்லுக்கு மேல் போகாமல் பேசு, ஒரே அழைப்பில் நிறைய எண்களைத் திணிக்காதே என்பது எதிர்முனையில் இருக்கும் கட்டுப்பாட்டாளருக்குச் சொல்லப்படும் அறிவுரை.

1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிய 747 சரக்கு விமானத்துக்கு, 2400 அடிக்கு இறங்கச் சொல்ல நினைத்த கட்டுப்பாட்டாளர், 'டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார். அந்த 'டூ' இரண்டு என்ற எண். விமானிகள் காதில் அது 'க்கு' என்ற வேற்றுமை உருபாக விழுந்தது: 'நானூறுக்கு இறங்கு'. தமிழில் எழுதும்போதும் இரண்டும் ஒரே எழுத்தாக வந்து நிற்பதைப் பாருங்கள். 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று திருப்பிச் சொன்னார்கள். பிழை வானொலியிலேயே அம்பலமானது, யாரும் பிடிக்கவில்லை. தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கைக் கருவி ஒலித்தும் பயனில்லை. விமானம் மலைச்சரிவில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். உயரத்தை 'டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்' என்று சொல்லியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

ஏன் பிடிக்கவில்லை? தான் சொன்னதே திரும்பி வரும் என்று காத்திருக்கும் காது, வராததையும் வந்ததாகவே எடுத்துக்கொள்ளும். மேலும், வழித்தட அனுமதி தவிர மற்றவற்றில் சரியான ரீட்பேக்குக்குப் பெரும்பாலும் மௌனமே பதில். அந்த மௌனம் 'சரி'யாகவும் இருக்கலாம். இருவர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தியதால் உங்கள் குரல் அங்கே சேராமலே போயிருக்கவும் கூடும். விமான வானொலியில் இரு குரல்கள் மோதினால் கீச்சென்ற ஊளைதான் மிஞ்சும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் நடந்தது இதுதான். ஓடுபாதையில் புறப்படத் தொடங்கிய விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர் சொன்னதில் 'ஓகே' மட்டும் தெளிவாக விழுந்தது. அதன்பின் வந்த 'காத்திரு, அழைக்கிறேன்' என்பதும், ஓடுபாதையில் தான் இன்னும் இருப்பதாக இன்னொரு விமானம் தந்த அறிவிப்பும் ஊளையில் மூழ்கின. இரு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை அதற்கான அனுமதியைத் தரும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துவது என்ற கட்டுப்பாடு இதற்குப் பின் வந்தது.

ரீட்பேக்கால் பிடிக்க முடியாத பிழையும் உண்டு. 2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் த கோல் நிலையத்தில் காற்றழுத்தம் 1001. கட்டுப்பாட்டாளர் சொன்னது 1011. விமானிகள் 1011 என்று பிசகில்லாமல் திருப்பிச் சொன்னார்கள். இந்தப் பத்து ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) வித்தியாசம் ஏறக்குறைய 280 அடி; உயரமானி காட்டியதைவிட விமானம் அவ்வளவு தாழ்வாக இருந்தது. மழையில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத நிலையில் ஏ320 தரையிலிருந்து 6 அடி வரை இறங்கி, மீண்டும் மேலேறித் தப்பியது. மூலமே தவறென்றால் நகல் எவ்வளவு சுத்தமாக இருந்தென்ன?

இனித் தமிழ்ச்சொல். 'திரும்ப வாசித்தல்' சொல்லுக்குச் சொல். இங்கே பெரும்பாலும் யாரும் வாசிப்பதில்லை. 'மறுவாசிப்பு' இலக்கியத் திறனாய்வுக்குப் போய்விட்டது. 'மறுமொழி' பதிலாகிவிடும், 'ரோஜர்' கூட மறுமொழிதான். 'கூறியது கூறல்' என்றால் நன்னூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. (அதே பட்டியலில் உள்ள குன்றக் கூறலும் மயங்க வைத்தலும் வானொலியிலும் குற்றமே; கூறியது கூறல் மட்டும் அங்கே கட்டாயம்.)

பொருத்தமான சொல் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது: ஒப்பித்தல். ஒப்புவித்தல் என்பதன் பேச்சு வடிவம், வேர் 'ஒப்பு'. மாணவர் பாடத்தைச் சொல்ல, ஆசிரியர் கேட்டு, தப்பிய இடத்தில் நிறுத்தித் திருத்துவார். சுவரிடம் யாரும் ஒப்பிப்பதில்லை. கேட்டுச் சரிபார்ப்பவர் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். ஆகவே ரீட்பேக்குக்கு ஒப்பித்தல், ஹியர்பேக்குக்கு ஒப்புக்கேட்டல். 'புரியாமலே ஒப்பிக்கிறான்' என்ற இளக்காரம் இதில் ஒட்டியிருக்கிறதே என்று சிலர் தயங்கலாம். இருக்கட்டும், விமானி 1011-ஐத் திருப்பிச் சொல்லும்போது நடப்பதும் அதுதான்.

பெருங்கடல்களுக்கு மேலே கட்டளைகள் இப்போது எழுத்தாகத் திரையில் வருகின்றன. விமானி படித்துவிட்டு 'வில்கோ' பொத்தானை அழுத்துவார். 'அப்படியே செய்கிறேன்' என்று பொருள். குரலில் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. விமானி மெய்யாகவே வாசிக்கிற இந்த இடத்தில் ரீட்பேக் கிடையாது. இதை ஒப்பித்தல் என்று சொல்லக் கூடாது, 'ஏற்பு' போதும்.