ஏறுவது அல்ல, இறங்குவதே சோதனை: குழுவாக மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவோர் கவனத்துக்கு

மலையும் மேடுமான கிராமப்புறச் சாலைகளில் பத்து, பதினைந்து பேர் சேர்ந்து ஒருநாள் சைக்கிள் பயணம் போகத் திட்டமிடும்போது, "என்னால் ஏற முடியுமா?" என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். "பத்திரமாக இறங்க என் வண்டி தயாரா, எனக்குத் தெரியுமா?" என்று கேட்பவர் குறைவு. ஏற்றத்தில் முடியாமல் போனால் இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் ஏதோ சரியில்லை என்று தெரியவரும்போது வண்டி ஏற்கெனவே வேகமெடுத்திருக்கும்.

முதலில் பாதைக் கணக்கு. தூரத்தை மட்டும் பார்க்காமல், மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்று பாருங்கள். 100 மீட்டர் தூரத்துக்கு 8 மீட்டர் உயர்ந்தால் அது 8 சதவீத ஏற்றம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், அதில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போகவே ஏறக்குறைய 185 வாட் தேவை. அதே உழைப்புக்குச் சமதரையில் 30 கி.மீ. வேகத்தை நெருங்கலாம். சமதரை வேகத்தை வைத்து நேரம் போட்ட குழு, வெளிச்சம் போன பிறகு, களைத்த கைகளோடு கடைசி இறக்கத்தில் வந்து நிற்கும்.

பிரேக்கைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பாருங்கள். டிஸ்க் பிரேக் என்றால், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடில் உராயும் பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். மலைக்குப் போவதானால் 1 மி.மீ. இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. புதுப் பேடை மாட்டியதும் மலைக்குக் கிளம்பக் கூடாது. சமதரையில் மிதமான வேகத்திலிருந்து நிற்கப்போகும் அளவுக்கு 15, 20 முறை பிரேக் பிடித்துப் பழக்கினால்தான் பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் ஒட்டி, முழுப் பிடிமானம் கிடைக்கும். இன்னொரு தவறு மிக அதிகமாக நடக்கிறது: புறப்படும் நாள் காலையில் செயினுக்கு ஸ்பிரே எண்ணெய் அடிப்பது. அந்தத் துளிகள் டிஸ்க்கில் பட்டால் பேட் எண்ணெயை உறிஞ்சிவிடும். பிறகு பிரேக் கத்தும், பிடிக்காது. டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைக்கலாம். பேடை மாற்றுவதே நல்லது.

சக்கரத்தின் விளிம்பான ரிம்மையே பிடிக்கும் ரிம் பிரேக் வண்டியில், பிரேக் கட்டையின் பள்ளங்கள் தேய்ந்து மறைந்துவிட்டனவா, உள்ளே அலுமினியத் துணுக்கோ கல்லோ பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். ரிம்மின் பக்கவாட்டில் விரலை ஓட்டும்போது குழிவாகத் தட்டுப்பட்டால் அந்த ரிம்மை நம்பி மலையில் இறங்கக் கூடாது. எந்த வகைப் பிரேக்காக இருந்தாலும், முழுப் பலத்தோடு பிடித்தபோதும் லிவர் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் வெப்பம். 80 கிலோ எடை 300 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 235 கிலோஜூல்; முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. மெதுவாக, பிரேக்கை விடாமல் தேய்த்தபடியே இறங்கினால் அதில் பெரும்பகுதி பிரேக்குக்குள்தான் போகும். ரிம் பிரேக்கில் டியூபுக்குள் காற்றழுத்தம் கூடி டயர் வெடிக்கலாம். கார்பன் ரிம்மானால் அதன் இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பிசினே இளகலாம். திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் அந்தத் திரவம் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், லிவர் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய்விடும். சில பிரேக்குகளில் இருக்கும் டாட் (DOT) வகைத் திரவம் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை தாழும். அதனால் ஆண்டுக்கணக்கில் மாற்றாத திரவம் மலைக்கு ஆகாது.

பயந்தவர்கள்தான் பிரேக்கை விடாமல் பிடிக்கிறார்கள், அவர்களுக்குத்தான் பிரேக் முதலில் சூடாகிறது. சரியான முறை இது: நேர்ப்பாதையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு முழுதாக விடுங்கள், மறுபடி பிடியுங்கள். விட்ட இடைவெளியில் பிரேக் ஆறும். காற்றின் எதிர்ப்பும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். வேகம் இரட்டித்தால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும் என்பதை மனதில் வையுங்கள். நீண்ட இறக்கமானால் நடுவில் ஒருமுறை நின்று ஆறவிடுங்கள், டிஸ்க்கை மட்டும் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் வெந்துவிடும்.

கொண்டை ஊசி வளைவுக்கு வரும் முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். வளைவுக்குள் பிரேக்கை இறுக்கினால், திரும்புவதற்கே தேவைப்படும் டயரின் பிடிமானத்தைப் பிரேக் தின்றுவிடும். வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை அதன்மேல், பார்வை வளைவு முடியும் இடத்தில். குழுவாகப் போகும்போது கெடுவது இந்தப் பார்வைதான். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தைப் பார்த்தபடியே போனால், அவருடைய வேகத்திலேயே நீங்களும் வளைவுக்குள் நுழைவீர்கள்; அவருக்கு அது சாத்தியமாக இருக்கலாம். மணிக்கு 40 கி.மீ. என்பது நொடிக்கு 11 மீட்டர். கண் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே ஒரு வண்டியின் நீளத்தைப் போலப் பல மடங்கு தூரம் ஓடிவிடும். முன்னவர் ஒரு கம்பத்தைக் கடந்த பிறகு குறைந்தது மூன்று நொடி கழித்து நீங்கள் அதைக் கடக்க வேண்டும். இறக்கத்தில் முந்துவதை அறவே தவிருங்கள். ஈரமான சாலைக்கோடுகள், இரும்பு மூடிகள், வளைவின் உட்புறத்தில் சேரும் சரளை ஆகியவற்றைப் பார்த்தவர் குரல் கொடுக்க வேண்டும்.

ஏற்றத்தில் குழு பிரியட்டும். மெதுவான வேகத்தில் முன்னவரின் பின்னால் ஒட்டிப் போவதால் பெரிய லாபமில்லை, ஆனால் தன் வேகத்துக்கு மேல் ஓட்டினால் பாதி வழியில் கால் பிடித்துக்கொள்ளும். மிதிக்க எளிதான சின்னக் கியருக்கு ஏற்றம் தொடங்கும் முன்பே மாறுங்கள். முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே முன்பக்கக் கியரை மாற்றினால் செயின் கழன்று விழும். உச்சி தாண்டி, இரு புறமும் சாலை தெளிவாகத் தெரியும் இடத்தில், சாலையை விட்டு விலகி நின்று ஒன்றுசேருங்கள். சந்திப்புகளில் எவரும் பின்னால் வருபவரைக் காணாமல் திரும்பக் கூடாது. அனுபவமுள்ள ஒருவர் கடைசி வரை கடைசியாகவே வர வேண்டும். உச்சியில் வியர்வையோடு நின்றவர், இறங்கும் முன் காற்றுத் தடுக்கும் மேலுடையைப் போட்டுக்கொள்ளட்டும். விரல் விறைத்தால் பிரேக் லிவர் கைக்கு அடங்காது.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர், மாவுச்சத்து மணிக்கு 30 முதல் 60 கிராம். பசிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஒவ்வொருவரிடமும் தன் டயர் அளவுக்கேற்ற டியூப் இருக்கட்டும். பம்பும் செயின் கழற்றியும் குழுவுக்கு இரண்டிரண்டு போதும். அறுந்த செயினைச் சேர்க்கும் இணைப்புக் கண்ணி மட்டும் கியர் எண்ணிக்கைக்கு, அதாவது பின்பக்கப் பல்சக்கரங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாறும். 11 கியர் வண்டிக்கானது 9 கியர் செயினுக்குப் பொருந்தாது.

யாராவது விழுந்தால் முதலில் பின்னால் வருபவர்களை நிறுத்துங்கள். விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்த வேண்டாம். கழுத்து வலி, கை கால் மரத்துப்போதல் இருந்தால் அசைக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். தலையில் அடிபட்டவர் தலைவலி, வாந்தி, தடுமாற்றம் என்று சொன்னாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, "எனக்கு ஒன்றுமில்லை" என்று எவ்வளவு வற்புறுத்தினாலும் அன்றைக்கு அவரை ஓட்ட விடாதீர்கள், மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அடிபட்ட ஹெல்மெட் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள் நுரை நசுங்கியிருக்கும், மாற்றிவிட வேண்டும்.

விழுந்தவர் நலமாக இருந்து, தொடர்ந்து ஓட்டுவதானால் வண்டியைச் சோதியுங்கள். சக்கரம் சுழலும்போது பிரேக்கில் உரசுகிறதா, ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் பின்னால் நின்று, செயினை நகர்த்தும் கியர் கை செங்குத்தாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். உள்ளே வளைந்திருந்தால் ஆகச் சின்னக் கியருக்கு, அதாவது பின்பக்கத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்துக்குப் போகும்போது அது சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கி, சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்து உடைக்கும். சரிசெய்யும் வரை பின்பக்கத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்தையும் அதற்கு அடுத்ததையும் தொடாமல் ஓட்டுங்கள்.