கணுவுக்குள் புகும் கடல் நஞ்சு

மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் பெரியவர் ஒருவரின் மகள், பரேலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவே எனக்கு எழுதியிருந்தார்: "அப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று, நிணநீர்க் கணுக்களுக்கும் பரவிவிட்டதாம். வழக்கமான கீமோ வேண்டாம், புது மருந்து ஏற்றலாம் என்கிறார்கள். அது உள்ளே போய் என்னதான் செய்யும்?"

கணுக்களை எட்டிய புற்றுக்குச் சிறுநீர்ப்பையை மட்டும் அகற்றினால் போதாது. இரத்தத்தோடு உடல் முழுதும் செல்லும் மருந்து தேவை. பல்லாண்டுகளாக அந்த இடத்தில் இருந்த சிஸ்பிளாட்டின் என்னும் கீமோ மருந்தைத் தாங்கச் சிறுநீரகம் வலுவாக இருக்க வேண்டும். ஆனால் இந்நோயாளிகளில் பலருக்கு அது ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

புது மருந்தின் பெயர் என்ஃபோர்டுமாப் வெடோடின். சிறுநீர்ப்பைப் புற்றணுக்களின் (புற்று செல்களின்) மேற்பரப்பில் நெக்டின்-4 என்னும் புரதம் பெரும்பாலும் மிகுந்திருக்கும். அதைத் தேடிப் பற்றும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஒன்றின் முதுகில், சராசரியாக நான்கு நஞ்சு மூலக்கூறுகளைக் கட்டி அனுப்புகிறார்கள். தன் வாசலில் ஒட்டியதை அணு தானே உள்ளே இழுத்து விழுங்கி, லைசோசோம் என்னும் செரிமானப் பைக்கு அனுப்புகிறது. கட்டியிருக்கும் கயிற்றை அறுக்கும் நொதி அங்கேதான் இருக்கிறது. எதிரியின் வயிற்றிலேயே முடிச்சு அவிழும்படி செய்த இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. விடுபட்ட நஞ்சு, அணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழல்களைக் குலைக்க, பாதியில் நின்றுபோன அணு மடிகிறது. கசியும் நஞ்சு பக்கத்து அணுக்களையும் விடுவதில்லை.

அந்த நஞ்சின் மூதாதை, இந்தியப் பெருங்கடலின் கடல் முயல் என்னும், வெளியே ஓடு தெரியாத நத்தையிலிருந்து கிடைத்த டோலாஸ்டாட்டின்-10. அமெரிக்க வேதியியலாளர் ஜார்ஜ் பெட்டிட்டின் குழுவினர் அதன் அமைப்பை 1987-இல் வெளியிட்டார்கள். பிறகுதான், நத்தை தின்னும் நீலப்பச்சைப் பாசியே அதை உண்டாக்குகிறது என்பது தெரிந்தது. தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது பயனின்றித் தோற்ற அந்தப் பொருளின் செயற்கை உறவினர், இந்த மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 2019-இல். நத்தை ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு என்று கேட்கும் நிதிக்குழுக்கள் இந்த 32 ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதனுடன், நோயெதிர்ப்பு அணுக்களின் தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தையும் சேர்த்து, நோய் முற்றிய அல்லது பரவிய 886 பேரிடம் சோதித்தார்கள். கீமோ பெற்றவர்களில் பாதிப்பேர் 16.1 மாதங்களைக் கடந்து வாழ்ந்தார்கள். இந்த இணை மருந்து பெற்றவர்களில் பாதிப்பேர் 31.5 மாதங்களைக் கடந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும் என்பதல்ல. விலையும் நம் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் ஊசி குத்தித் திசுவைச் சோதித்தால் புற்று உடல் முழுக்கப் பரவிவிடும் என்ற பேச்சை நம்பி, சிகிச்சை தொடங்காமல் மாதக்கணக்கில் காத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மகளுக்கு ஒன்று மட்டும் தனியாக எழுதினேன். நரம்பின் நீண்ட இழைகளுக்குள் சரக்கு நகரும் தடமும் அதே நுண்குழல்தான். ஆகவே விரல் நுனிகள் மரத்துப்போகலாம். அப்பா ஊசியில் நூல் கோக்கத் தடுமாறினாலோ, சட்டைப் பொத்தான் போட நேரமெடுத்தாலோ, வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல், அடுத்த மருந்து ஏற்றும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ சில வாரம் நிறுத்தவோ அவரால் முடியும்.