பிரிக்காத கால்சியம் அட்டைகள்

ஏழாம் மாதச் செக்கப்புக்கு வந்த பெண்ணிடம், "சாப்பிடுற மாத்திரையெல்லாம் எடுத்து வைம்மா" என்றேன். மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்தார். இரும்புச்சத்து அட்டை பாதி காலி. கால்சியம் அட்டை மூன்று, பிரிக்கவே இல்லை. கூட வந்த மாமியார் முந்திக்கொண்டார்: "அதைப் போட்டா குழந்தைக்கு மண்டை கெட்டியாயிடுமாம் டாக்டர். அப்புறம் சுகப்பிரசவம் எப்படி ஆகும்?"

அடிக்கடி கேட்கிற பேச்சுதான். பிறக்கும்போது குழந்தையின் மண்டை எலும்புகள் ஒட்டியிருக்காது. உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரசவத்தில் அவை ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறி வழிவிடும். மாத்திரையால் அந்த இடைவெளி மூடிவிடாது.

நிறைமாதக் குழந்தையின் உடம்பில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கிறது. சாப்பாட்டில் போதவில்லை என்றால் அம்மாவின் எலும்பிலிருந்து போகும். அதனால்தான் 14 வாரத்திலிருந்து தினம் இரண்டு 500 மில்லிகிராம் மாத்திரை தருகிறோம். சாப்பிட்ட பிறகு போட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக உடம்பில் சேராது; இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வெயிலில் கிடைக்கும் வைட்டமின் டி குறைந்தாலும் கால்சியம் சரியாக ஏறாது. கறுத்துவிடுவோம் என்று வெயிலுக்கே பயப்படுகிறவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்வேன்.

பையின் அடியில் இன்னொன்றும் கிடந்தது. பெயர் தெரியாதபடி வெட்டிய அட்டையில் நாலு கேப்சூல். வீட்டுக்குப் போன் போட்டு டப்பாவைப் பார்க்கச் சொன்னதில், டாக்ஸிசைக்ளின். முகப்பருவுக்காக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியதாம். இது ஒரு ஆன்டிபயாடிக்; டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்தது. அந்த வகை மருந்துகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, வளரும் எலும்பிலும் பல்லிலும் போய்ப் படிகிறவை. நான்காம் மாதத்துக்குப் பிறகு சாப்பிட்டால் குழந்தையின் பால் பற்கள் கறைபடிந்து முளைக்கலாம். இவர் போட்டது இரண்டே நாள். பயப்பட வேண்டாம் என்று சொல்லி நிறுத்தினேன்.

நிறுத்தக் கூடாதவர்களும் உண்டு. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடுபவர்கள். வார்ஃபரின் கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரத்துக்குள் குழந்தையின் மூக்கெலும்பைப் பாதிக்கக்கூடும். வால்புரோயேட் முதுகெலும்பு மூடாமல் போகிற ஆபத்தைக் கூட்டும். ஆனால் திடீரென்று தானாக விட்டால் வால்வில் ரத்தம் உறையும், வலிப்பு வரும்; தாயின் உயிருக்கே ஆபத்து. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே வந்துவிட்டால் மாற்று மருந்து யோசிக்கலாம். நாள் தள்ளிப்போய் மூன்றாம் மாதம் வந்தால், கெடுதல் நடக்கும் வாரங்கள் பெரும்பாலும் கடந்திருக்கும்.

கிளம்பும்போது மாமியார், "அப்போ கேழ்வரகுக் கூழ் போதாதா?" என்றார். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, தாராளமாகக் கொடுங்கள், மாத்திரையும் சேர்த்து என்றேன். அடுத்த முறை அட்டையை வெட்டாமல் கொண்டுவரவும் சொல்லி அனுப்பினேன்.