கெண்டைக்கால் ஏறினால் நொச்சிக்கிழி என்ன செய்கிறது?

விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கும், குளச்சல், முட்டம் பக்கம் வள்ளத்தில் மணிக்கணக்காகக் கால் மடக்கி இருப்பவர்களுக்கும் கெண்டைக்கால் உருண்டு ஏறுவது, அதாவது தசைப்பிடிப்பு, பழகிய தொல்லை. குமரி மாவட்டத்து வீடுகளில் இதற்குக் கைமருந்து உண்டு: சுக்குக் கஷாயம், உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி, நொச்சிக்கிழி (வதக்கிய இலையைத் துணியில் கட்டிச் சூடாக ஒற்றும் பொட்டலம்), காய்ச்சிய தைலம். எல்லாமே உதவும். ஆனால் ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு, அதைச் செய்யும் நேரமும் வேறு. இது தெரியாமல் மாற்றிச் செய்வதால்தான் 'மருந்து கேட்கவில்லை' என்ற பேச்சு வருகிறது.

தசை தானாகச் சுருங்குவதில்லை. முதுகுத்தண்டில் இருக்கும் இயக்க நரம்புசெல் உத்தரவு அனுப்ப வேண்டும். தசைக்குள் கதிர் வடிவில் இருக்கும் உணர்விகள் அந்த நரம்புசெல்லை 'சுருங்கு' என்று தூண்டுகின்றன. தசையும் எலும்பும் சேருமிடத்துத் தசைநாணில் உள்ள கோல்ஜி உணர்விகள் 'போதும்' என்று அடக்குகின்றன. தசை களைத்துப்போனால் தூண்டல் கூடி, அடக்கல் குறைகிறது. அதுவும் தசை ஏற்கெனவே குறுகிய நிலையில் இருந்தால் கோல்ஜி உணர்விக்கு இழுவிசையே கிடைப்பதில்லை. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கெண்டை குறுகிக் கிடக்கும். நடுராத்திரியில் பிடித்துக்கொள்வது அதனால்தான் என்று கருதப்படுகிறது.

பிடித்த அந்த நிமிடத்தில் முதலில் செய்ய வேண்டியது தசையை இழுத்து நீட்டுவதுதான். முழங்காலை நேராக நீட்டி, கால்விரல்களை முழங்காலை நோக்கி மெதுவாக இழுத்து 30 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை அப்படியே பிடிக்க வேண்டும். வெட்டி வெட்டி இழுத்தால் கதிர் உணர்வி மறுபடி தூண்டப்பட்டு பிடிப்பு இறுகும். முழங்கால் மடங்கியிருந்தால் கெண்டையின் மேல்பாகம் நீளாது. இழுத்த பலன் பாதிதான்.

காரமும் புளிப்பும் பிடிப்பை விடுவிக்குமா என்பது சுவையான விஷயம். 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மின்தூண்டலால் பாதத் தசையில் பிடிப்பை உண்டாக்கி, வெள்ளரிக்காய் ஊறிய உப்புக்காடியை உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லி வீதம் குடிக்கக் கொடுத்தார்கள். வெறும் தண்ணீர் குடித்தபோது இருந்ததைவிடப் பிடிப்பு சராசரியாக 49 விநாடி முன்னதாக விட்டது. அதற்குள் இரத்தத்தில் சோடியம் கூடவில்லை. ஆகவே வேலை நடந்தது வயிற்றில் அல்ல; வாய், தொண்டை நரம்புகள் அனுப்பிய சைகையில்தான் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மிளகாய்க் காரத்தை உணரும் நரம்பு வாயிலை அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் கண்டறிந்தது. 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மிளகின் பைப்பெரினும், இஞ்சி, சுக்கின் காரப்பொருள்களும் அதே வாயிலைத்தான் தட்டுகின்றன. சுக்குக் கஷாயத்துக்கும் இந்த வழி பொருந்தக்கூடும். ஒரு விரற்கடை சுக்கும் 10 மிளகும் தட்டி, இரண்டு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராக வற்றவைத்துக் கருப்பட்டி சேர்ப்பது வழக்கம். பிடிப்பு வந்தபின் சுக்கு தட்ட உட்கார்ந்தால் தண்ணீர் கொதிக்குமுன் பிடிப்பே போயிருக்கும். அடிக்கடி வருகிறவர்கள் முன்னதாகவே பிளாஸ்கில் வைத்துக்கொள்வது நல்லது.

வெயிலில் வியர்த்துக் கொட்டியபின் கை, கால், வயிறு என்று மாறி மாறி இழுப்பது வேறு வகை. 1923-இல் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் கே. என். மாஸ் என்ற ஆய்வாளர் இதைக் கவனித்தார்: வியர்வையில் உப்புப் போகிறது, குடிப்பதோ வெறும் தண்ணீர். ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறத்தாழ 2 முதல் 3 கிராம் உப்புப் போகும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. இந்த இழப்பை அது ஈடுகட்டாது. ஒரு லிட்டர் கஞ்சித்தண்ணியில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் குடிப்பதே கணக்குக்குச் சரி. இரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

கிழி மறுநாளுக்கானது. பிடிப்பு விட்டபின் ஒன்றிரண்டு நாள் கெண்டை தொட்டால் வலிக்குமே, அந்த வலிக்கு. நொச்சி, ஆமணக்கு, புளி, முருங்கை இலைகள் சேர்ந்து அரைக்கிலோ. அரைமுறித் தேங்காய்த் துருவல், எலுமிச்சை 2, பூண்டு 50 கிராம், இந்துப்பு இரண்டு டீஸ்பூன், நல்லெண்ணெய் 75 மில்லி. இரண்டு கிழிக்கு இது போதும். இலையைக் கழுவி நிழலில் ஈரம் போக உலர்த்தி, காம்பு நீக்கிப் பொடியாக அரிய வேண்டும். காம்பு கிடந்தால் துணியைக் குத்தி வெளியே வரும். எண்ணெயில் பூண்டையும் தேங்காயையும் முதலில் வதக்கி, பிறகு இலை, கடைசியில் எலுமிச்சைத் துண்டும் உப்பும். தேங்காய் பொன்னிறமாகும்வரை வதக்குவது ஈரத்தை விரட்டத்தான். ஈரம் மிச்சமிருந்தால் கிழியிலிருந்து நீராவி எழும்பித் தோலைச் சுட்டுவிடும். கட்டுவதற்குப் பழைய பருத்தி வேட்டித்துணி ஒன்றரை அடிச் சதுரமாக இருக்கட்டும். பாலியெஸ்டர் சூட்டில் இளகும்.

தவாவில் எண்ணெய் விட்டு ஒன்றைச் சூடாக்கும்போதே மற்றதால் ஒற்ற வேண்டும். புறங்கையில் வைத்துப் பார்த்துத் தாங்கினால்தான் காலில். ஓரிடத்தில் ஊன்றி வைக்காமல் நகர்த்திக்கொண்டே 15 முதல் 20 நிமிடம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. அவர்களுக்கு வேறொருவர் கைதான் சோதிக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் தோல் வழியே இறங்கும் மூலிகைச் சத்து கொஞ்சம்தான். பெரும்பங்கு வேலை சூட்டினுடையது: இரத்த ஓட்டம் கூடுகிறது, இறுக்கம் தளர்கிறது. நொச்சியின் காஸ்டிசின் போன்ற பொருள்கள் விலங்குச் சோதனைகளில் வீக்கத்தைக் குறைத்திருக்கின்றன. அதைக் கூடுதல் பலனாகக் கொள்ளலாம். எருக்கிலை சேர்ப்பவர்கள் பால் கண்ணில் படாமல் பார்க்க வேண்டும். ஊமத்தை இலையை வீட்டில் தொடாமலிருப்பதே நல்லது.

நொச்சித் தைலத்துக்கு எண்ணெய் ஒரு பங்கு, சாறு நான்கு பங்கு, அரைத்த கற்கம் கால் பங்கு: கால் லிட்டர் எண்ணெய், ஒரு லிட்டர் நொச்சிச்சாறு, 60 கிராம் சுக்கு விழுது. நுரை பொங்கும் என்பதால் பாதிப் பாத்திரம் காலியாக இருக்க வேண்டும். சாற்றில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரி அளவிலேயே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சட்டென்று ஏறும். தைலம் கெடுவது அந்தச் சில நிமிடங்களில்தான். அடியில் தங்கும் கற்கத்தை எடுத்து உருட்டினால் திரி போல நீள வேண்டும்: மெழுகுப் பதம். அந்தத் திரியைத் தீயில் காட்டினால் படபடவென்று வெடிக்கக் கூடாது. வெடித்தால் ஈரம் பாக்கி, தைலம் சீக்கிரம் சிக்கடிக்கும். விரலில் மணலாக உதிர்ந்தால் மணல் திரள் பதம். அது இன்னும் முற்றிய பதம். கற்பூரம் சேர்ப்பதானால் வடிகட்டி வெதுவெதுப்பான பிறகே. அடுப்பிலிருக்கும்போது போட்டால் ஆவியாகிப் போவதோடு தீப்பற்றவும் செய்யும். கற்பூரத் தைலம் குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. உள்ளே போனால் வலிப்பு வரலாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டை விடாமல் வலித்தால் அது பிடிப்பாக இல்லாமல் உள்சிரையில் உறைந்த இரத்தக்கட்டியாக இருக்கலாம். அதைத் தடவினால் கட்டி பெயர்ந்து நுரையீரல் இரத்தக்குழாயை அடைக்கலாம். கிழி, தைலம், தடவல் மூன்றையும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.